சாட்சி டீ குடிக்கப் போன சோதனை

"ஆய்வின்போது தெரியவரும் தனிநபர் முடிவு எதையும், நெறிமுறைக் குழுவின் எழுத்துபூர்வ அனுமதியின்றி, பங்கேற்பாளரிடமோ அவர் குடும்பத்தாரிடமோ தெரிவிக்கக் கூடாது."

செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் போகும் சாலையில் இருக்கும் எங்கள் ஆய்வு மையத்தின் கையேட்டில் உள்ள விதி இது. நல்ல விதி. கிண்டலாகச் சொல்லவில்லை. பணிக்காலம் முழுக்க விதிகளோடு குடித்தனம் நடத்தியவன் என்ற முறையில் சொல்கிறேன். விதிகளில் பாதி, யாரோ ஒருவர் எப்போதோ செய்த முட்டாள்தனத்தின் நினைவுச் சின்னம். மீதிப் பாதி, அதே முட்டாள்தனத்தை முறைப்படி செய்வதற்கான வசதி. இது முதல் பாதியைச் சேர்ந்தது. ஆய்வுக்கு வந்த ஒரு விவசாயியிடம், எங்கள் இளம் ஆய்வாளர் ஒருவர், "உங்க மூளைப் பதிவுல ஒரு மாற்றம் தெரியுது" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டார். மனிதர் ஊருக்குப் போய் உயில் எழுதி, மாட்டை விற்று, பெங்களூரிலிருந்த மகனை வரவழைத்துவிட்டார். மாற்றம் அவர் மூளையில் இல்லை, எங்கள் இயந்திரத்தின் ஒரு ஒயரில் என்பது பிறகு தெரிந்தது. மறுநாளே இந்த விதியைத் தம் கைப்பட எழுதித் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பி, ஏற்க வைத்தவர் டாக்டர் அமுதவல்லி. இந்தக் கட்டுரை அவரைப் பற்றியது.

என் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருக்கும் நித்யா போன மாதம் போன் செய்தார். விண்ணப்பம், அனுமதி, பதில் எல்லாமே இனி கம்ப்யூட்டர் வழியாகத்தானாம். "உங்க காலத்துல இதெல்லாம் எப்படி சார் சமாளிச்சீங்க? ஆண்டு மலருக்கு எழுதிக் குடுங்களேன்" என்றார். பல்லவர் காலத்தைப் பற்றிக் கேட்கும் குரல். மாமல்லபுரம் பக்கத்தில் இருப்பதால் அந்தக் குழப்பம் வந்திருக்கலாம்.

என் காலத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இயற்பியல் படித்தேன், அதை வைத்து ஸ்டோரில் பல்பு எண்ணும் வேலை கிடைத்தது. துறைத் தேர்வுகளை எழுதி எழுதி நிர்வாக அலுவலர் ஆனேன். ஊரப்பாக்கத்தில் வீடு, மின்சார ரயிலில் செங்கல்பட்டு, அங்கிருந்து பஸ். இதற்கு மேல் அதில் சொல்ல எதுவும் இல்லை. அமுதவல்லி மேடம் எங்கள் மையத்துக்கு வந்த பிறகுதான் சொல்வதற்கு ஏதோ கிடைத்தது.

அவர் நரம்பியல் விஞ்ஞானி. கண், வெளிச்சம், உடம்புக்குள் ஓடும் இருபத்து நாலு மணி நேரக் கடிகாரம், இம்மூன்றும்தான் அவர் உலகம். யார் எதைச் சொன்னாலும் அவர் கேட்பது ஒரே கேள்வி: "எப்படித் தெரியும்?" கோபம் இருக்காது, கிண்டல் இருக்காது, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்பார். ஒருநாள் "மழை வருது மேடம்" என்றேன். "எப்படித் தெரியும்?" என்றார். "ஓட்டு மேல சத்தம் கேக்குது" என்றேன். ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி, நனைந்ததைப் பார்த்துவிட்டு, "சரி, மழைதான்" என்று ஒப்புக்கொண்டார். சேர்ந்த புதிதில் இது எரிச்சலாக இருந்தது. பிறகு வீட்டில் நானே இந்தக் கேள்வியைக் கேட்க ஆரம்பித்து, என் மனைவிக்கு எரிச்சலானது.

இன்னொரு பழக்கமும் உண்டு. அவர் யாரையும் தம் அறைக்குக் கூப்பிட மாட்டார். வேலை யாரிடமோ அவர் மேஜைக்கு நடந்து வருவார். எங்கள் மையத்தில் இயக்குநரின் அறைக்குப் போகச் சட்டையை உள்ளே விட்டுக்கொள்ள வேண்டும் என்பது எழுதாத விதியாக இருந்த காலம். இந்த அம்மா டிரைவரிடம் பேச ஷெட்டுக்குப் போவதைப் பார்த்துப் பலருக்குத் தூக்கம் போனது. தூக்கத்தை ஆராய வந்தவர்தானே என்று நான் சமாதானம் சொன்னேன்.

அவருடைய முதல் கொள்முதலுக்கே தணிக்கைக் குழு ஆட்சேபம் எழுப்பியது. "ஆயுத பூஜைக்கு வாங்கிய நீல பல்புகள் ஸ்டோரில் நல்ல நிலையில் இருக்க, புதிதாக நீல விளக்கு வாங்கியது ஏன்?" இப்படிக் கேட்டால் எந்த விஞ்ஞானியும் ஒன்று கோபப்படுவார், அல்லது யாருக்கும் புரியாத மொழியில் பதில் எழுதுவார். இவர் தணிக்கையாளரின் மேஜைக்கு நடந்து போனார்.

"சார், கண்ணுக்கு ரெண்டு வேலை. ஒண்ணு பார்க்கிறது. இன்னொண்ணு, வெளியில பகலா இரவான்னு உடம்புக்குச் சொல்றது. பார்க்கிறதுக்குத் தனி செல்கள். பொழுது சொல்றதுக்குத் தனியா கொஞ்சம் செல்கள், விழித்திரையில வேற அடுக்குல இருக்கு. அதுங்களுக்குப் படம் எதுவும் தெரியாது. வெளிச்சம் மட்டும்தான். அதுலயும் வானத்து நீலம்னா ரொம்ப இஷ்டம். அந்த நீலத்தை மட்டும் அளந்து காட்ட ஒரு விளக்கு வேணும். பூஜை பல்புல நீலம் கண்ணாடியில பூசினது. உள்ள எல்லா நிறமும் இருக்கும்."

தணிக்கையாளர் பேனாவை மூடினார். "திருக்கழுக்குன்றம் மலைக்கு முன்னெல்லாம் உச்சிப் பொழுதுக்குச் சரியா கழுகு வருமாமே, அதுவும் இப்படித்தானா?" என்றார். "அது சோத்துக்கு வந்ததா பொழுதுக்கு வந்ததான்னு சோதிச்சுப் பார்க்கணும். இப்ப கழுகு வர்றதில்லையே" என்றார் மேடம், உண்மையான வருத்தத்துடன். ஆட்சேபம் கைவிடப்பட்டது. தமக்குத் தூக்கம் வராததைப் பற்றியும் ஒரு மணி நேரம் பேசிவிட்டுத்தான் தணிக்கையாளர் எழுந்தார்.

அடுத்தது இருட்டறை. கருவிகளில் மினுக்கும் சிறு விளக்குகள், பிரிட்ஜின் பச்சைப் புள்ளி, எல்லாவற்றிலும் கறுப்பு டேப் ஒட்டியாகிவிட்டது. மிச்சம், கதவுக்கு மேல் எரியும் 'வெளியே' என்ற பச்சைப் பலகை. அது எப்போதும் எரிய வேண்டும் என்பது தீத்தடுப்பு விதி. அது எரியவே கூடாது என்பது கண்ணின் விதி. தீயணைப்பு அதிகாரியை மேடம் வாதாடி மடக்கவில்லை. இருட்டறைக்குள் கூட்டிப்போய், பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்காரவைத்தார். இருட்டு பழகும்வரை இருவரும் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். கொஞ்ச நேரம் போனதும் அதிகாரியே சொன்னார்: "இன்னா மேடம் இது, பௌர்ணமி கணக்கா அடிக்குது!" பிறகு நான் விதியை எடுத்துப் படித்தேன். பலகை வைக்க வேண்டியது கதவுக்கு மேல். திரைச்சீலைக்கு மேல் வைக்கச் சொல்லி எங்கும் இல்லை. இருட்டறை உள், வெளி என்று இரண்டு அறை. உள் அறைக்குக் கதவைக் கழற்றிவிட்டுக் கனத்த கறுப்புத் திரைச்சீலை போட்டோம். வெளி அறையின் கதவுக்கு அந்தப் பக்கம் பலகை போனது. கேமரா உள்ளே, அது காட்டும் திரை வெளி அறையில், திரையின் மேல் சிவப்புத் தாள். திரைச்சீலை இடுக்கில் வெளிச்சம் நுழையக் கூடாது என்பதால், சோதனை நடக்கும்போது வெளி அறையும் இருட்டாகவே இருக்கும். செல்போன் அனுமதி இல்லை. இந்தக் கடைசிச் சின்ன விஷயத்தால்தான் பிறகு நடந்ததெல்லாம் நடந்தது.

ஆய்வுக்குப் பார்வையற்றவர்கள் வந்தார்கள். முதலில் வந்தவர் மாமல்லபுரத்துத் துரைசாமி. கல் உடைக்கும் இடத்தில் வெடி விபத்து. இரண்டு கண்ணும் சிதைந்து எடுக்கப்பட்டுவிட்டன. பிறகு ஒரு கைவினைப் பொருள் கடையில் கணக்குச் சொல்லும் வேலை கிடைத்தது. நிற்கவில்லை. ஏன் என்று மேடம் கேட்டார்.

"எனக்கு ராத்திரி ஒரே எடத்துல நிக்க மாட்டேங்குது மேடம். சுத்திகினே கீது" என்றார் துரைசாமி. "இந்த வாரம் ராத்திரில தூங்குவேன். அப்பால கொஞ்சம் கொஞ்சமா தள்ளிப்போயி, பட்டப்பகல்ல வியாபார நேரத்துல சொக்கும். மொதலாளி குடிக்கிறேன்னு நெனச்சாரு. எம் பொஞ்சாதியே நெனச்சா. நான் காபி கூட குடிக்கிறதில்ல."

மேடம் எங்களுக்கு விளக்கினார். உடம்பின் கடிகாரம் சரியாக இருபத்து நாலு மணி நேரம் ஓடுவதில்லை. பெரும்பாலானவர்களுக்குக் கொஞ்சம் மெதுவாக ஓடும். தினமும் காலை வெளிச்சம் கண் வழியாகப் போய் அதைத் திருத்தி வைக்கிறது. கண்ணே இல்லாதவருக்குத் திருத்த ஆளில்லை. மாத்திரை ஓரளவு உதவும், எல்லாருக்கும் உதவாது. ஆனால் பார்வை போயும் கண் இருப்பவர்களில் சிலருக்கு, அந்தப் பொழுது சொல்லும் செல்கள் மட்டும் தப்பித்திருக்கலாம். யாருக்கு என்று கண்டுபிடிப்பதுதான் ஆய்வு.

அப்படி வந்தவர் கலைச்செல்வி. திருக்கழுக்குன்றத்துக்காரர். நாவலூரில் ஒரு கம்பெனியில் போன் இணைத்துக் கொடுக்கும் வேலை, காலை ஷிப்ட். தம்பி ஏழுமலை அதே பக்கம் கம்பெனி ஆட்களை ஏற்றி இறக்கும் வேன் ஓட்டுபவர். அக்காவைக் கொண்டுபோய் விடுவதும் அவர்தான். கலைச்செல்விக்குச் சின்ன வயதிலேயே விழித்திரை நோய். ஒரு கண்ணை அப்போதே எடுத்துவிட்டார்கள். இன்னொன்று இருந்தது, பார்வை துளியும் இல்லை. சோதனை அறைக்குள் வரும்போதே, "இருட்டு ரூமாமே? வாங்க வாங்க, இது நம்ம ஏரியா" என்றார்.

பார்வையற்றவரால் ஒப்புதல் படிவத்தைப் படிக்க முடியாது என்பதால், கண் தெரிந்த ஒரு சாட்சி வேண்டும். ஏழுமலை சாட்சி. படிவத்தைப் படித்துக் காட்டினோம், கையெழுத்துப் போட்டார். பிறகு வெளி அறை இருட்டில் உட்காரச் சொல்லிச் செல்போனைக் கேட்டதும் மிரண்டுவிட்டார்.

"போனும் இல்லாம, லைட்டும் இல்லாம, ஒரு மனுசன் இன்னா சார் பண்றது? நான் ஒரு டீ சாப்ட்டு வந்துர்றேன்."

அதில் யாருக்கும் ஆச்சரியம் இல்லை. எல்லாச் சாட்சிகளும் அப்படித்தான் போனார்கள். எங்கள் மையத்துச் சாட்சியமெல்லாம் எதிரே இருந்த டீக்கடை பெஞ்சில்தான் அளிக்கப்பட்டு வந்தது. துரைசாமியின் மனைவியும் ஏழுமலையும் அங்கேதான் சிநேகமானார்கள். பங்கேற்பாளர்களின் பெயர் ஒருவருக்கொருவர் தெரியக் கூடாது என்று நாங்கள் பூட்டி வைத்த ரகசியமெல்லாம் அந்தப் பெஞ்சில் பஜ்ஜியோடு பரிமாறப்பட்டது.

சோதனையைச் சொல்கிறேன். பங்கேற்பாளர் தாடையை ஒரு தாங்கியில் வைத்துக்கொள்வார். இருட்டில் கொஞ்ச நேரம். இருட்டில் பாப்பா, அதாவது கருவிழியின் நடுவே உள்ள கறுப்பு வட்டம், நன்றாக விரியும். மனிதக் கண்ணுக்குப் படாத ஒளியில் கேமரா அதைப் படம் பிடிக்கும். வெளி அறைத் திரையில் தட்டு அகலத்துக்குத் தெரியும். முதலில் சிவப்பு விளக்கு. பிறகு அணைத்து, மறுபடி இருட்டு. பிறகு நீலம்.

சிவப்புக்குக் கலைச்செல்வியின் பாப்பா அசையவே இல்லை. பார்க்கும் செல்கள் போய்விட்ட கண் அப்படித்தான் இருக்கும். நீலம் போட்டதும் உடனே ஒன்றும் நடக்கவில்லை. பிறகு, யாரோ யோசித்து முடிவெடுத்தது போல, அந்தக் கறுப்பு வட்டம் மெல்லச் சுருங்கத் தொடங்கியது. சுருங்கிச் சின்னதாகி நின்றது. விளக்கை அணைத்த பிறகும் வெகுநேரம் விரியாமல் அப்படியே நின்றது. நான் ஏதோ கையெழுத்துக்காகப் போனவன், வெளி அறையில் மேடத்துக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

உள்ளே கலைச்செல்வியின் குரல்: "இன்னா மேடம், லைட்டு போட்டீங்களா இல்லியா?"

"உங்களுக்கு ஏதாவது தெரிஞ்சுதா?"

"ஒன்னியும் தெரில."

எப்போதும் பங்கேற்பாளரோடு பேசிச் சிரிக்கும் மேடம், பதிவை முதலிலிருந்து ஓட்டிப் பார்க்க ஆரம்பித்தார்.

கிளம்பும்போது கலைச்செல்வி சாதாரணமாகத்தான் சொன்னார். "அடுத்த தபா வர்றப்ப இந்தக் கண்ணு இருக்காது மேடம். பிரஷராம் உள்ள. வலி தாங்க முடில. பாக்காத கண்ணுக்கு எவ்ளோ நாளுதான் வாடகை குடுக்கிறது? எடுத்துட்டு சோக்கா ஒரு கண்ணாடிக் கண்ணு வெக்கிறேன்னாரு டாக்டரு. அடுத்த வாரம் ஆபரேஷன்."

அந்த மருத்துவமனை சொன்னதில் தப்பில்லை. பார்வை இல்லாத, வலி கொடுக்கும் கண்ணை எடுப்பது வழக்கமான வைத்தியம்தான். அந்தக் கண் வேறொரு வேலையைச் செய்துகொண்டிருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியாது. கலைச்செல்விக்கே தெரியாது. தெரிந்தவர்கள் நாங்கள் மட்டும்தான். எங்களுக்குத்தான் விதி இருந்தது.

மேடம் என் மேஜைக்கு வந்தார். "சபாபதி, குழுவோட அனுமதி எவ்வளவு சீக்கிரம் வாங்கலாம்?"

குழு சென்னைத் தலைமை அலுவலகத்தில் காலாண்டுக்கு ஒருமுறை கூடும். அடுத்த கூட்டத்துக்குள் கலைச்செல்விக்குக் கண்ணாடிக் கண் பழகியே போயிருக்கும். அவசர விதிவிலக்கு உண்டு: 'பங்கேற்பாளரின் உயிருக்கு ஆபத்து நேருமிடத்து.' தூக்கம் உயிர் ஆகாது என்று தலைமை அலுவலகம் சொல்லிவிடும். அங்கே அதை அலுவலக நேரத்திலேயே தாராளமாகப் புழங்குகிறார்கள்.

அன்றே கடிதம் போனது. மேடம் எழுதிய கடிதங்களிலேயே அழகானது அது. பிறகு நான் சொன்னேன்: "மேடம், நீங்க எழுதின விதிதானே? ஒரு தடவை வாய் தவறிடுங்களேன்."

அவர் உட்கார்ந்தார். அவர் என் எதிரில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

"எப்படித் தெரியும், சபாபதி? ஒரே ஒரு சோதனை. ஒரே கண். அதுவும் நான் ஆசைப்பட்ட முடிவு. இது மூணும் சேர்ற இடத்துலதான் நல்ல மனுஷங்க தெரியாமலே பொய் சொல்லிடறாங்க. அந்த விவசாயிகிட்ட சொன்ன பையனும் நல்ல பையன்தான். நான் சொல்லி, அந்தப் பொண்ணு வலியைப் பொறுத்துக்கிட்டு இருந்து, கடைசியில அது கருவிக் கோளாறுன்னா? இன்னொரு தடவை பார்க்காம நானே நம்ப மாட்டேன். இன்னொரு தடவை பார்க்கவும் அனுமதி கிடையாது. ஆளுக்கு ஒரு சோதனைதான்."

சொல்லிவிட்டு ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். துரைசாமியைத்தான் நினைத்திருப்பார். நானும் அவரைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவர் போன பிறகு கையேட்டை எடுத்தேன். எனக்கு மனக்கஷ்டம் வந்தால் அதைத்தான் படிப்பேன். பார்வையற்ற பங்கேற்பாளர் பற்றிய பகுதி: 'சாட்சியானவர் ஒப்புதல் பெறும்போது மட்டுமன்றி, சோதனை முழுவதும் உடனிருந்து, செய்யப்படுவது அனைத்தையும் நேரில் காண வேண்டும். இல்லையேல் அச்சோதனை செல்லாது. சாட்சி உடனிருக்க மீண்டும் செய்யப்பட வேண்டும்.'

நான் மேடத்தின் அறைக்குப் போனேன். சட்டையை உள்ளே விட்டுக்கொள்ளக்கூட மறந்துவிட்டேன்.

"மேடம், அந்தச் சோதனை செல்லாது. சாட்சி டீ குடிக்கப் போயிட்டார்."

படித்துப் பார்த்தார். அவருக்கு உடனே புரிந்துவிட்டது. மறுபடி சோதனை செய்தாக வேண்டும். தம்பி வெளி அறையில் உட்கார்ந்து, திரையில் நடப்பதைப் பார்த்தே ஆக வேண்டும். நாங்கள் சொல்லக் கூடாது என்றுதான் விதி. அவர் பார்க்கக் கூடாது என்று இல்லை. பார்க்காவிட்டால்தான் குற்றம்.

"இது விதியை ஏமாத்துறது இல்லையா?" என்று கேட்டார். அவருக்கு அது பெரிய கவலை.

"இல்லை மேடம். இத்தனை நாள்தான் ஏமாத்திக்கிட்டு இருந்தோம். முதல் தடவையா கடைப்பிடிக்கப் போறோம்."

ஏழுமலைக்குப் போன் செய்தேன். ஆபரேஷனுக்கு முன்பே வந்தார்கள். சாட்சி உடனிருப்பதை நிர்வாக அலுவலர் சான்றளிப்பது நல்லது என்று நானே ஒரு குறிப்பு எழுதி, நானே அதை அங்கீகரித்து, அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். செல்போன் என் சட்டைப் பையில்.

"இது அக்கா கண்ணா சார்? இம்மாம் பெருசா கீது!"

"பேசாம பாருங்க. அதுதான் உங்க வேலை."

சிவப்பு. அசைவில்லை. ஏழுமலை கொட்டாவி விட்டார். இருட்டு. நீலம்.

"சார்... சார், சுருங்குது சார்." எழுந்து நின்றுவிட்டார். "யக்கா! லைட்டு தெரிதாக்கா?"

திரைச்சீலைக்கு உள்ளேயிருந்து: "தெரிலடா. இன்னாத்துக்கு கத்துற?"

"உனக்குத் தெரில. உன் கண்ணுக்குத் தெரிதுக்கா!"

விளக்கு அணைந்தது. "இன்னா சார் இது, அணைச்சும் அப்டியே கீது" என்று ஏழுமலை குரலைத் தாழ்த்திச் சொன்னார், கோயிலில் பேசுவது போல.

உள்ளே போய்க் கருவியைச் சரிபார்த்துவிட்டு மறுபடியும் நீலம் காட்டினார் மேடம். மறுபடியும் அதேதான். வெளியே வந்தவரை ஏழுமலை பிடித்துக்கொண்டார். "மேடம், இதுக்கு இன்னா மேடம் அர்த்தம்?"

"நான் சொல்ல முடியாது. அனுமதி வரலை." அவர் முகத்தில் அவ்வளவு சிரமத்தை நான் பார்த்ததில்லை. "ஆனா நீங்க சாட்சி. பார்த்ததைப் பார்த்தபடி யார்கிட்ட வேணா சொல்லலாம். ஆபரேஷன் பண்ற டாக்டர்கிட்ட சொல்லலாம்."

இது தெரிவித்தல் ஆகுமா, ஆகாதா? என்னால் இன்றைக்கும் தீர்ப்பு சொல்ல முடியும். சொல்ல மாட்டேன்.

அந்தக் கண் டாக்டரை நான் பார்த்ததே இல்லை. ஆனால் அவருக்கு ஒரு வணக்கம். வேன் டிரைவர் ஒருவர் வந்து, "அக்கா கண்ணு நீல லைட்டுக்கு சுருங்குது சார், நானே பாத்தேன்" என்றபோது, அவர் சிரிக்கவில்லை. தம் அறையை இருட்டாக்கி, நீல வெளிச்சம் காட்டித் தாமே பார்த்தார். பிறகு கலைச்செல்வியிடம் இரண்டு வழியையும் சொன்னார். எடுத்தால் வலி போகும், பொழுதும் போகலாம். வைத்துக்கொண்டால் லேசர், நாள் தவறாமல் சொட்டு மருந்து, அடிக்கடி ஆஸ்பத்திரி. அப்படியும் வலி முழுக்கப் போகும் என்று உறுதி இல்லை.

கலைச்செல்வி உடனே முடிவு சொல்லவில்லை. தம்பியின் வேனில் மாமல்லபுரம் போனார். டீக்கடைச் சிநேகம் அதற்குத்தான் உதவியது. கடற்கரையில் துரைசாமி வீட்டு வாசலில் உட்கார்ந்து பேசியிருக்கிறார்கள். பிறகு கலைச்செல்வியே எனக்குச் சொன்னார். போனபோது நடுப்பகல், துரைசாமி தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்ப வேண்டாம் என்று இவர் சொல்லியும் மனைவி எழுப்பினாராம்.

"வலிக்குதாம்மா கண்ணு?" என்று கேட்டாராம் துரைசாமி.

"உசுரு போவுதுண்ணே. உங்களுக்கு?"

"எனக்கு வலியே கெடையாது. பொழுதும் கெடையாது."

அதைச் சொல்லிவிட்டுக் கலைச்செல்வி சிரித்தார். "இத்தினி வருசமா எனக்கே தெரியாம டூட்டி பாத்துகினு கீது சார் அந்தக் கண்ணு. லீவு இல்ல, சம்பளம் இல்ல. அத்தப் போயி வேலையவுட்டு தூக்குறதா?"

லேசர் செய்தார்கள். சொட்டு மருந்து தொடர்ந்தது. வலி குறைந்தது, போகவில்லை. சில நாட்கள் தாங்க முடியாமல் வேனில் அழுதுகொண்டே வேலைக்குப் போயிருக்கிறார் என்று ஏழுமலை சொல்லியிருக்கிறார். அப்படி ஒருநாள் கலைச்செல்வியிடம் நானே கேட்டேன், தப்பு செய்துவிட்டோமோ என்று. "வலி கீது சார்" என்றார். "காலையும் கீது."

இனி அந்தக் கடிதத்தின் கதை. தலைமை அலுவலகம் முதலில் மூன்று பிரதிகள் கேட்டது. பிறகு, எந்த விதியின்கீழ் விண்ணப்பம் என்று கேட்டது. பிறகு குழுவின் பதவிக்காலம் முடிந்தது. புதிய குழு, பழைய குழுவின் கோப்பைக் கேட்டது. பழைய குழு, அதைப் புதிய குழுவிடம் ஒப்படைத்துவிட்டதாகச் சொன்னது. இதற்கு நடுவே எனக்குச் சால்வை போட்டு, ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்து அனுப்பிவைத்தார்கள். கடிகாரத்தைத் தேர்ந்தெடுத்தது மேடம்தான் என்று கேள்வி. அது கொஞ்சம் மெதுவாக ஓடுகிறது.

நான் அவரிடம் மிகவும் வியப்பது அவருடைய ஆராய்ச்சியை அல்ல. ஆராய்ச்சியைப் பற்றிச் சொல்ல வெளிநாட்டில் ஆட்கள் இருக்கிறார்கள். நான் வியப்பது இதை: கலைச்செல்விக்கு எல்லாம் தெரிந்த பிறகும், ஊருக்கே தெரிந்த பிறகும், மேடம் அந்த முடிவை அவரிடம் சொல்லவில்லை. கலைச்செல்வி பார்க்கும் போதெல்லாம் சீண்டுவார். "இன்னா மேடம், இன்னிக்காவது சொல்றீங்களா?" "அனுமதி வரட்டும்" என்பார் மேடம். "எங்க தம்பியே சொல்லிட்டான், டாக்டரும் சொல்லிட்டாரு. நீங்க மட்டும் பிகு பண்ணிக்கினே கீறீங்க." மேடம் சிரித்துக்கொண்டே பேச்சை மாற்றுவார். வேறு யாராவதாக இருந்தால் அதைப் பிடிவாதம் என்பேன். அந்த விவசாயியின் மாட்டை அவர் மறக்கவில்லை என்று எனக்குத் தெரியும்.

இந்தக் கட்டுரையைப் பாதி எழுதி வைத்திருந்தபோது நித்யா மறுபடி போன் செய்தார். "சார், தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு பழைய கேஸ்ல பதில் வந்திருக்கு. 'பங்கேற்பாளருக்கு முடிவைத் தெரிவிக்கலாம்'னு. யாரு சார் இந்தக் கலைச்செல்வி?"

நான் பதில் சொல்வதற்குள் இன்னொரு அழைப்பு வந்தது. மேடம். "சபாபதி, கிளம்புங்க. போன்ல சொல்ல முடியாது. விதியில 'நேரில்'னு போட்டிருக்கு." நானே மறந்துவிட்ட உட்பிரிவு அது.

திருக்கழுக்குன்றத்தில், மலைக்குப் போகும் தெருவில், பொங்கல் கோலம் இன்னும் அழியாத வாசல். கலைச்செல்விக்கு அன்று விடுமுறை. ஏழுமலை நாற்காலி கொண்டுவந்து போட்டார். மேடம் உட்காரவில்லை. பையிலிருந்து கடிதத்தை எடுத்து, அனுமதி வந்த விவரத்தைப் படித்தார். பிறகு, இத்தனை காலம் வாய்க்குள்ளேயே வைத்திருந்த வாக்கியத்தைச் சொன்னார்.

"கலைச்செல்வி, உங்க கண்ணுக்கு வெளிச்சம் தெரியுது."

கலைச்செல்வி சட்டென்று சிரிக்கவில்லை. கேலி செய்யவும் இல்லை. வெகுநாளாகத் தெரிந்த செய்தியைத்தான் கேட்டார். ஆனாலும் அவர் கை, தம்பியின் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டது. முகத்தை மேடத்தின் குரல் வந்த பக்கம் திருப்பிக் கேட்டார்:

"எப்டி மேடம் தெரியும்?"

மேடம் அப்போதுதான் நாற்காலியில் உட்கார்ந்தார். இருட்டறையிலிருந்து தொடங்கி, சிவப்பு, நீலம் என்று எதையும் விடாமல் முழுக்கச் சொன்னார். அன்று காணும் பொங்கலுக்கு மறுநாள்.